நிகர எடை

வாங்கிப் பதினோரு நாள்.
முதுகுக் கண்ணாடியில் ஒட்டிய தாளைக்கூட
இன்னும் உரிக்கவில்லை.
அதற்குள் மூன்று தடவை நின்றுவிட்டது.

செக்காலை ரோட்டுக் கடைக்காரர்
காதில் வைத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்.
"கையை ஆட்டுங்க சார், தானா சாவி ஏறிக்கும்."
கையை ஆட்ட
நான் என்ன தேர்தலிலா நிற்கிறேன்?
புதுவயலில், எடைமேடைக் கூண்டுக்குள்
உட்கார்ந்திருக்கிறேன்.
லாரி ஏறும். எண் துடிக்கும். அடங்கும்.
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்,
அதுவும் வலது கையால்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்:
சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை,
இதிலிருந்து அதைக் கழி.
நெல்லை நேராக நிறுத்தவன் எவனும் இல்லை.

முதலில் காலி.
சனி ராத்திரி எட்டுக்குத் திருகியைப் பிடித்து
நாற்பது சுற்று சாவி கொடுத்து
ரசீதுப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.
தொடவில்லை.
திங்கள் மதியம் ஒன்றுக்கு நின்றது.
நாற்பத்தோரு மணி நேரம்.
ஆக, சுருளில் குற்றமில்லை.

அடுத்தது சுமை.
செத்த கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு
ஒன்பதிலிருந்து ஆறு வரை கூண்டில்.
இருபத்திமூன்று லாரி, ஒரு டீ,
உமிச்சாம்பல் சட்டையைத் தட்டியது இரண்டு தடவை.
கழற்றி வைத்தேன்.
பதினொன்று பத்துக்கெல்லாம் முடிந்துவிட்டது.
ஒரு பகல் முழுக்க உழைத்து
என் இடது கை சேர்த்த சொத்து
ஐந்து மணி நேரம், சொச்சம்.

இரண்டில் ஒன்று.
உள்ளே அந்தப் பாதி வட்ட எடை
சுற்றியும் சுருளுக்கு ஏற்றாமல் ஏமாற்றுகிறது.
அல்லது நான்.

எனக்கு வேறொரு கை வேண்டியிருந்தது.
சிக்கந்தர்தான் நினைவுக்கு வந்தான்.
முக்கில் புரோட்டா மாஸ்டர்.
மாவை அவன் வீசினால்
ஈ கூட வழிவிட்டு நிற்கும்.
புதன் ராத்திரி கடை மூடும்போது
நின்ற கடிகாரத்தை அவன் மணிக்கட்டில் மாட்டினேன்.
வெள்ளி விடிய ஆறுக்குத் திருப்பிக் கொடுத்தான்.
மேசையில் வைத்துக் காவல் இருந்தேன்.
வெள்ளி தாண்டியது.
சனிக்கிழமை விளக்கு வைத்தும் ஓடியது.
ஏழுக்கு நின்றது.
முப்பத்தேழு!

கடிகாரம் சுத்தம். வாரன்டி அட்டையை மடித்து
உள்ளே வைத்துவிட்டேன்.
தீர்ப்பு சொல்லத்தான் முக்குக்குப் போனேன்:
"மாஸ்டர், உன் கை கை. என் கை கட்டை."

அவன் கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான்:
"கடையில கட்டவே இல்லண்ணே.
புது வாட்ச், மாவு போயிருமேன்னு
ஆணியில மாட்டிருவேன்.
ராத்திரி படுக்கப் போறப்பதான் கட்டினேன்."

கல்லில் எண்ணெய் சுருண்டது.
நான் இலையைப் பார்த்தேன்.

பகலெல்லாம் ஆணியில்.
இரண்டே இரண்டு இரவு.
தூங்குகிற கை ஏற்றக்கூடிய கணக்கு அல்ல அது.
எழுந்து, நடந்து, கதவைத் திறந்து, மூடி,
தண்ணீர் மொண்டு, திரும்பப் படுத்து,
புரண்டு,
மறுபடி எழுந்து
ஏற்றிய கணக்கு.

"சால்னா ஊத்தவா?"
"ஊத்து."

மொத்த எடை தெரியும்.
காலி எடை தெரியும்.
கழித்தால் நிற்பது என்னவென்றும் தெரிந்துவிட்டது.
எந்தச் சீட்டில் எழுதி
எந்த ஜன்னல் வழியே நீட்டுவது?

இப்போதெல்லாம் காலையில்
கூண்டைத் திறந்ததும் பதினைந்து சுற்று
நானே கொடுத்துவிடுகிறேன்.
ஓடுகிறது, நாளுக்கு ஆறு நொடி முந்தி.

கடைக்குப் போனால் மட்டும்
வேளை கெட்ட வேளையில் கேட்கிறேன்,
"இன்னைக்கு ஒரு நாள் கட்டிக்கிறியா, மாஸ்டர்?"
அவன் சிரிக்கிறான்.
"எதுக்குண்ணே, அதான் நல்லா ஓடுதே."